வாடகையை மட்டும் விசாரிக்கிறவர்களுக்கு

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் சனிக்கிழமை காலை பத்து நிமிடம் நின்றால் போதும், இந்தக் காட்சி கிடைத்துவிடும். முதுகுப் பையோடு ஆறேழு பேர், கல்லூரிப் பிள்ளைகள். ஒருவன் போனில் லாட்ஜ்காரரைப் பிடித்து வைத்திருக்கிறான். "அண்ணே, ஆறு பேருதான். ரெண்டு ரூம் எதுக்கு? ஒரே ரூம்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்ணே." இருநூறு ரூபாய் குறைய இருபது நிமிடம் பேச்சு நடக்கும். மிச்சமாகும் காசு பொரித்த மீனுக்கும் நேந்திரங்காய் சிப்ஸுக்கும் போகும். அதில் தவறு ஒன்றும் இல்லை. கையில் காசில்லாத வயதில் கடல் பார்க்கப் போவதைவிட நல்ல பயணம் எது?

ஆனால் அதே பிள்ளைகள் சாயங்காலம் கடலில் இறங்கும்போது கரையில் நிற்கும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. காலையில் லாட்ஜ்காரரிடம் கேட்டதும் வாடகையை மட்டும்தான்.

2024 மே 6, திங்கட்கிழமை. ராஜாக்கமங்கலத்தை அடுத்த கணபதிபுரத்தில் லெமூர் பீச். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நண்பர்கள் கூட்டம் ஒன்று, கல்யாணத்துக்காக நாகர்கோவில் வந்திருந்தது. கல்யாணம் முடிந்தது, ஊருக்குத் திரும்புமுன் கடல். அன்று ஐந்து பேர் இறந்தார்கள், எல்லாரும் இருபதுகளில் இருந்தவர்கள். கடல் கொந்தளிக்கும் என்ற எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. கடற்கரையும் மூடப்பட்டிருந்தது. அவர்கள் தென்னந்தோப்பு வழியாக இறங்கியதாகப் பிறகு தெரிந்தது. அதற்கு முந்தைய நாளும் இதே குமரி மாவட்டக் கரையில் அலை உயிர்களை எடுத்திருந்தது.

மருத்துவம் படித்தவர்களுக்கே இது தெரியவில்லையா என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். கேள்வியே தப்பு. படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அன்று வந்தது கள்ளக்கடல்.

வானம் தெளிந்திருக்கும்போது வரும் கடல்

கள்ளக்கடல் என்பது மலையாளக் கரையின் சொல். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த நம் மாவட்டத்துக்கு அது அயல் சொல் அல்ல. திருடனைப் போலச் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். மீனவர் வாயில் இருந்த இந்தச் சொல்லை 2012இல் யுனெஸ்கோ அறிவியல் சொல்லாகவே ஏற்றுக்கொண்டது.

புயல் இங்கே அடிப்பதில்லை, அதுதான் இதன் சூது. 2024 ஏப்ரல் கடைசியில் தென் அட்லாண்டிக்கிலிருந்து நகர்ந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு, இந்தியக் கரையிலிருந்து சுமார் 10,000 கி.மீ. தள்ளி, தெற்கு இந்தியப் பெருங்கடலில் 11 மீட்டர் உயரத்துக்கு அலையைக் கிளப்பியது. காற்று அங்கேயே ஓய்ந்துவிடும், அலை ஓயாது. நீண்ட அலைகள் வலு குறையாமல் மணிக்கு 50 கி.மீ. வாக்கில், நம்மூர் டவுன் பஸ் வேகத்தில், நாள்கணக்கில் ஓடி மே 4 அன்று இங்கே வந்து சேர்ந்தன. ஹைதராபாதில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதைக் கணித்துக் கேரளத்துக்கும் தென் தமிழகத்துக்கும் எச்சரிக்கை விட்டது. இன்காய்ஸ் என்று செய்திகளில் வருவது இந்த மையம்தான்.

கரைக்கு வரும்போது அலையின் உயரம் ஒன்றரை மீட்டருக்குள்தான் இருக்கலாம். பார்த்தால் பயம் வராது. வித்தியாசம் இடைவெளியில் இருக்கிறது. உள்ளூர்க் காற்று கிளப்பும் அலை ஐந்து, எட்டு வினாடிக்கு ஒன்று வரும், உடையும், போகும். இது 15 வினாடிக்கும் மேலாக இடைவெளி விட்டு வரும். நீளமான அலை, அதனால் ஒவ்வொன்றும் சுமந்து வரும் தண்ணீர் மிக அதிகம். மணலில் நாம் எதிர்பாராத தூரம் ஏறும். ஏறிய தண்ணீர் எல்லாம் திரும்பி இறங்கும்போது காலடி மணலையும் சேர்த்து உருவும். இதற்கிடையில் சில நிமிடங்கள் கடல் சாதுவாகக் கிடக்கும். "இவ்வளவுதானே, வாங்கடா" என்று கூட்டம் இரண்டடி உள்ளே போவது அந்த நிமிடங்களில்தான்.

கரைக்காரர்கள் இதைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்ல. வள்ளத்தைக் கரையேற்றி மேட்டில் வைத்திருக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு. வலை உலர்த்துகிறவரோ டீக்கடை அண்ணாச்சியோ "எறங்காதிய மக்கா" என்றால், அதற்கு மேல் செயலி எதையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் வெளியூர்க்காரர்கள் கவனிப்பதில்லை. ஏறக்குறைய 70 கி.மீ. கரையுள்ள இந்தச் சிறு மாவட்டத்தில் இரண்டு கடல் இருக்கிறது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலமே இரண்டு. கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சொத்தவிளை, சங்குத்துறை, லெமூர், முட்டம் என்று இன்ஸ்டாகிராமில் அழகாகத் தெரியும் கரைகள் எல்லாம் தென்மேற்கைப் பார்த்தவை. தூரத்து அலை நேராக வந்து மோதுவதும் ஆனி, ஆடியில் கடல் ஏறி வீடுகளைத் தொடுவதும் அந்தப் பக்கம்தான். கல்லூரி லீவு விடுவது மே, ஜூனில். பொருத்தம் பார்த்ததுபோல இரண்டும் சேர்ந்து வருகின்றன.

யாராவது இழுபட்டால் என்ன செய்வது? நண்பர்கள் கூட்டத்தில் ஒருவரோடு நிற்காமல் சாவு எண்ணிக்கை ஏறுவதற்குக் காரணம், ஒருவனைப் பிடிக்க அடுத்தவன் குதிப்பதுதான். குதிக்காமல், மிதக்கும் எதையாவது எறிய வேண்டும்: மூடியிட்ட காலித் தண்ணீர்க் கேன், கயிறு, வள்ளத்தில் கிடக்கும் மிதவை. கூச்சல் போட்டு மீனவரை அழைக்க வேண்டும். கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093. இழுபட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துத்தான் போவார். உடலைத் தளர்த்தி மல்லாந்து மிதந்து, இழுப்பு விட்ட பிறகு பக்கவாட்டில் நகர்ந்து வருவதுதான் வழி. ஜீன்ஸோடு இறங்கியவருக்கும் குடித்துவிட்டு இறங்கியவருக்கும் இந்த அறிவுரை அவ்வளவாகப் பயன்படாது.

இனி அந்த ஒற்றை ரூமுக்கு வருவோம்

கன்னியாகுமரியில் மலிவு லாட்ஜ் என்பது இழிவான விஷயம் இல்லை. பல குடும்பங்கள் சுத்தமாக நடத்துகின்றன. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும்போது அதே ரூம் வாடகை எங்கோ போய்விடும், மற்ற மாதங்களில் பேரத்துக்குப் படியும். நாகர்கோவிலில் தங்கிப் பஸ்ஸில் போய்வந்தால் இன்னும் மிச்சம், 20 கி.மீ. தூரம்தான். சூரிய உதயம் தெரியும் ரூம் என்று கூடுதலாக வாங்குவார்கள். விடிகாலையில் எழுந்து கடற்கரைக்கு நடந்தால் அதே சூரியன் இலவசம்.

பார்க்க வேண்டியது வெளியேறும் வழியை. 2025 ஏப்ரல் 29 இரவு கொல்கத்தா படாபஜார் பக்கம் ஒரு மலிவு ஹோட்டலில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை. இறந்தவர்களில் மூவர் கரூர்க் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர்கள், ஒரு தாத்தாவும் இரண்டு பேரக் குழந்தைகளும். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்ததும் வெளியேற வழி போதாததும் பிறகு பேசப்பட்டன. ஆகவே சாவியை வாங்கும் முன் ரூமுக்கு நடந்து போய்ப் பாருங்கள். ஜன்னல் திறக்கிறதா? மாடிப்படி ஒன்றா, இரண்டா? இரண்டாவது படியில் பழைய மெத்தையும் உடைந்த கட்டிலும் அடுக்கியிருக்கிறார்களா? இரவில் வாசல் கேட்டைப் பூட்டினால் சாவி யாரிடம் இருக்கும்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் வரவேற்பில் இருப்பவர் ஒரு கணம் விழிப்பார்.

ஒரே ரூமில் அடைந்துகொள்வதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனுக்குச் சுற்றுலா போன கேரளக் கூட்டத்தில் 15 பேர் இருந்தார்கள். ரூம் நான்கு எடுத்திருந்தும் குளிருக்காக எட்டுப் பேர் ஒரே ரூமில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக் கதவைச் சாத்திப் படுத்தார்கள். எட்டுப் பேரும் எழவில்லை. குமரியில் ஹீட்டர் தேவையில்லைதான். ஆனால் குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் இருந்து, காற்றுப்போக்கி அடைந்திருந்தால், அந்த ரூம் வேண்டாம். மணமில்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்தைக் கலைக்காது.

பெண்கள் இருக்கும் குழுவுக்குக் கேமரா பயம் நியாயமானது. 2024 டிசம்பரில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் அருகே தனியார் உடை மாற்றும் அறையில் ரகசியக் கேமரா சிக்கியது, இரண்டு பேர் கைதானார்கள். அது லாட்ஜ் அல்ல, குளித்த ஈரத்தோடு அவசரமாக நுழையும் கட்டண அறை என்பதைக் கவனியுங்கள். விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைப் புகை உணர்கருவி, கடிகாரம், கண்ணாடி விளிம்பு, பிளக் பாயின்ட் மேல் அடித்துப் பார்த்தால் லென்ஸ் மின்னும். இது முழு உத்தரவாதம் அல்ல. சிக்கினால் எதையும் பிடுங்காமல் படம் எடுத்துக்கொண்டு 112க்கோ பெண்களுக்கான 181க்கோ அழையுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் முதல் தடவைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை உண்டு.

ஆணும் பெண்ணும் சேர்ந்த குழு என்றால் சில இடங்களில் முகத்தைச் சுளிப்பார்கள். திருமணமாகாதவர்கள் ஓர் அறையில் தங்குவது குற்றமல்ல என்று 2019 டிசம்பரில் கோவை வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் ரூம் தர மறுக்கிற லாட்ஜ்காரரோடு நள்ளிரவில் சட்டம் பேசிப் பயனில்லை. போவதற்கு முன்பே போனில் உள்ளதைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

அடையாள அட்டையை எல்லாரும் காட்டத்தான் வேண்டும். ஆதாரின் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் பிரதியை ஆதார் இணையதளத்திலேயே எடுக்கலாம், முழு நகலை வைத்துவிட்டு வராதீர்கள். பதிவேட்டில் குழுவுக்கு ஒரே போன் நம்பர் போதும், அது பெண்ணுடையதாக இருக்க வேண்டியதில்லை. முன்பணத்தில் எச்சரிக்கை. ஹோட்டல் பெயரில் போலி இணையப் பக்கம் வைத்துச் சுற்றுலாப் பயணிகளை ஏய்ப்பதாக 2025 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றப் பிரிவே எச்சரித்தது. பணம் போனால் உடனே 1930.

வரவேற்பில் இருப்பவரிடம் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் பழைய சத்திரங்களில் இருந்தது. "சொத்தவிளை போறோம்ணே, எட்டு மணிக்குள்ள வந்திருவோம்" என்றால், "இன்னைக்கு கடல் சரியில்ல, போலீஸ் விடமாட்டாங்க" என்று அவர் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. வாடகைக்குள் அடங்கிய சேவை அது, கேட்டால்தான் கிடைக்கும்.

கடலை மூடியிருந்தால் தென்னந்தோப்பு வழி தேட வேண்டாம், மாவட்டத்தில் பார்க்க வேறு எவ்வளவோ இருக்கிறது. வட்டக்கோட்டையின் மதில் மேல் நின்றால் கால் நனையாமல் கடல் தெரியும். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அன்று போகாதீர்கள். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் போகும் மாத்தூர் தொட்டிப்பாலம் 1966இல் கட்டியது. அதற்குத் திங்கள் செவ்வாய் கிடையாது. போகிற வழியில் மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டால் ஆறு பேருக்கும் மத்தியானம் வரை தாங்கும்.