குப்பைமேனியும் வளர்ப்புயிர்களும்

செடிகொடிகளுக்குத் தமிழ் மக்கள் இட்ட பெயர்களுட் பல காரணப் பெயர்களே. குப்பைமேட்டிலும் வேலியோரத்திலும் தானே முளைத்து வளரும் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்பதும் ஒரு பெயராம். மேனியில் தோன்றும் சொறி சிரங்குகட்கு அதன் இலையை அரைத்துப் பூசுதல் நம் நாட்டுப் பழைய வழக்கு. அதன் வேரைப் பறித்திடின், பூனை நாடி வந்து முகர்ந்து, அதன்மேற் புரளும். ஆகவே இச்செடி மேனிக்கு மருந்து, பூனைக்கோ மயக்கு. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறியாதார், தாம் அன்புடன் வளர்க்கும் உயிர்க்கே தீங்கு செய்தலும் கூடும். அஃது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

குப்பைமேனி ஆமணக்கின் குடும்பத்தைச் சார்ந்தது. 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் அறிஞர் இதற்கு அகாலிபா இண்டிகா எனப் பெயரிட்டார். இதன் மருத்துவப் பயனை இக்காலக் கால்நடை மருத்துவரும் ஏற்றுள்ளனர். கோமாரி நோயால் மாட்டின் குளம்பிடையே உண்டாகும் புண்ணுக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் ஒரு மருந்தெண்ணெய் கூறுகின்றனர். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஆகியவற்றுள் வகைக்கு ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம் என்னும் இவற்றை அரைத்து, 500 மில்லி லிட்டர் நல்லெண்ணெயிற் காய்ச்சிப் புண்ணைக் கழுவிய பின் இடுதல் வேண்டும் என்பது அம்முறை.

இதனைக் கேட்போர், மாட்டிற்கு ஆவது நாய்க்கும் ஆகும், நாய்க்கு ஆவது பூனைக்கும் ஆகும் என எளிதில் முடிவு செய்கின்றனர். பிழை நேர்வது இவ்விடத்தேயாம். நாயும் பூனையும் தம் உடலைத் தாமே நக்கித் தூய்மை செய்வன. மேலே பூசிய மருந்து சிறிது நேரத்தில் வயிற்றினுள் சென்றுவிடும். ஆதலின் இவற்றிற்குப் பூச்சு மருந்து என்பதும் ஒருவாறு உண்ணும் மருந்தேயாகும். மேற்கூறிய எண்ணெயிலுள்ள பூண்டு, நாய் பூனைகளின் குருதியிலுள்ள சிவப்பணுக்களைச் சிதைக்கும் இயல்பினது. குப்பைமேனியை உண்டமையால் சிவப்பணு சிதைந்து நோயுற்ற மாந்தரும் உளர். ஜி6பிடி என்னும் நொதி குறைந்த மக்களிடம் இது நேர்ந்ததை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

பூனையின் நிலை நாயினும் இரங்கத்தக்கது. அதன் சிவப்பணு பிற விலங்குகளுடையதினும் எளிதிற் சிதைவது. உட்சென்ற மருந்துப் பொருள்களை மாற்றி வெளியேற்றும் ஆற்றலும் அதன் கல்லீரலுக்குக் குறைவு. நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதுமானது. ஆகவே குப்பைமேனிச் சாற்றைப் பூனைக்குப் புகட்டுதலும், அதன் உடலிற் பூசுதலும் ஒழிக்கத்தக்கன.

"அங்ஙனமாயின் பூனை தானே இச்செடியை நாடுவது ஏன்? தன் மருந்தைத் தான் அறிந்தன்றோ?" எனச் சிலர் வினவலாம். நாட்டம் வேறு, நன்மை வேறு. 2016ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் சிலர், குப்பைமேனி வேரிற் பூனையை ஈர்ப்பன இரண்டு மணப்பொருள்கள் எனக் கண்டு வெளியிட்டனர். மேனாட்டுப் பூனைகளை மயக்கும் கேட்நிப் செடியின் மணப்பொருளுக்கு அவை உறவுடையன. ஜப்பானியப் பூனைகள் விரும்பும் மததாபி என்னும் கொடியின் இலையை ஆராய்ந்தோர், அதில் உடலைத் தேய்த்துக்கொண்ட பூனைகள்மேல் கொசு குறைவாகவே அமர்ந்ததென 2021இல் அறிவித்தனர். மணத்தை நாடும் பூனைக்குக் கிட்டிய பயனும் மேனியளவில் நின்றது என்பதை நாம் நோக்குதல் வேண்டும்.

இனி நாய்க்கு இதனை இடக் கருதுவார் கொள்ளவேண்டிய முறையைக் கூறுவாம். நாயின் சொறிக்குக் காரணம் பல. உண்ணி, தெள்ளுப்பூச்சி, தோலைத் துளைக்கும் நுண்பூச்சி, பூஞ்சை என அவை வேறுபடும். ஒன்றற்குரிய மருந்து மற்றொன்றைத் தீர்க்காது. ஆதலின் காரணத்தை முதற்கண் மருத்துவர்பால் அறிதல் வேண்டும். அவர் இசைந்தால், இலையைத் தனியே அரைத்துச் சிறிதிடத்தில் மெல்லெனப் பூசலாம். மக்கட்குச் சேர்ப்பது போல் உப்பைச் சேர்த்தல் ஆகாது. அது புண்ணை எரிக்கும். கண், வாய், திறந்த புண் ஆகியவற்றை விலக்குக. கழுத்திற் புனல்போன்ற அட்டையைக் கட்டி, நக்காதவாறு காத்து, உலர்ந்தபின் கழுவிவிடுக. தோல் சிவந்து தடிப்பின் உடனே நிறுத்துக. நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, சிறுநீர் செந்நிறமுற்றால் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

நோயுற்ற மனிதன் மருந்து ஒவ்வாதாயின் வாய்விட்டுக் கூறுவான். வாயில்லா உயிரோ நம் கையையே நம்பி நிற்கும். நம் முன்னோர் கண்ட மூலிகைகளை நாம் போற்றுவோமாக. எனினும் எம்மருந்து, எவ்வுயிர்க்கு, உடலின் உள்ளேயா புறத்தேயா என்னும் மூன்றனையும் வினவிய பின்னரே இலையைப் பறிக்கக் கை நீட்டுதல் நம் கடனாகும்.