அலைக்கும் குன்றுக்கும் இடையே

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் பகுதியில் டாலிஷ் என்னும் கடலோரச் சிற்றூர் உள்ளது. பொறியாளர் புரூனல் வகுத்த இருப்புப்பாதை 1846ஆம் ஆண்டு முதல் இவ்வூரின் வழியே செல்கிறது. அதன் ஒருபுறம் கடல். மறுபுறம் செங்குத்தான செம்பாறைக் குன்று.

2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் வீசிய புயலில், அலைகள் கடற்சுவரை உடைத்து உள்ளிருந்த மண்ணை அரித்துச் சென்றன. தண்டவாளம் தாங்கலின்றி அந்தரத்தில் தொங்கியது. கார்ன்வால் பகுதிக்கான தொடர்வண்டி இணைப்பு அறுந்தது. சரக்குப் பெட்டகங்களில் கற்களை நிரப்பி, அவற்றைத் தற்காலிக அலைதடுப்பாக நிறுத்திச் சீரமைத்தனர்.

பணி நடைபெறும்போதே, அருகிலுள்ள டெய்ன்மவுத்தில் குன்றின் சரிவு நெகிழத் தொடங்கியது. மண்ணுள் இறங்கும் மழைநீர், மண்ணின் எடையைக் கூட்டித் துகள்களின் பிடிப்பைத் தளர்த்துகிறது. நிலச்சரிவு இவ்வாறே நிகழ்கிறது. தளர்ந்த மண் தானே சரியும்வரை காத்திராமல், பொறியாளர்கள் நீரைப் பாய்ச்சி அதனைக் கீழிறக்கினர். ஏப்ரல் 4 அன்று தொடர்வண்டிகள் மீண்டும் ஓடின.

பின்னர் நிலையான காப்புகள் எழுந்தன. உயர்த்திக் கட்டப்பட்ட புதிய கடற்சுவரின் தலைப்பகுதி கடலை நோக்கி வளைந்திருப்பதால், மேலெழும் அலை கடலுக்கே திரும்புகிறது. பார்சன்ஸ் சுரங்கப்பாதையின் வாயிலில், விழும் பாறைகளைத் தாங்கும் கான்கிரீட் கூரை நீட்டிக்கப்பட்டது.

மோதும் அலை கண்ணுக்குத் தெரியும். மண்ணுள் ஊறும் நீர் தெரியாது. இரண்டையும் ஒருசேர எதிர்கொண்டால்தான் கடலோர இருப்புப்பாதை நிலைக்கும்.