லயத்து நாய் யாருடைய நாய்?

நமது தோட்டங்களில் நாய் இல்லாத லயத்தைக் காண்பது அரிது. இரவில் காவலுக்கும், மரக்கறித் தோட்டத்தில் பன்றி இறங்கினால் விரட்டவும் நாய் வேண்டும்தான். ஆனால் அதே நாய் ஒருவரைக் கடித்துவிட்டால் அதற்குச் சொந்தக்காரர் இல்லாமல் போய்விடுகிறார். “அது நம்ம நாய் இல்லீங்க, பாவம்னு சோறு போட்டோம், அவ்வளவுதான்” என்ற பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். நாய் வளர்ப்பவருக்குச் சட்டத்தில் என்ன பொறுப்பு இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

முதலாவது பதிவு. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலேயே வந்தது. நாய் வளர்ப்பவர் அதனை வருடந்தோறும் தமது உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். “பிரதேச சபைக்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று சிலர் கேட்கலாம். முன்பு பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் வேலை செய்யச் சட்டம் தடையாக இருந்தது உண்மை. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. சபையிடம் பாதையும் தண்ணீரும் கேட்கும் நாம், சபையில் செய்ய வேண்டிய கடமையையும் செய்யத்தான் வேண்டும்.

இரண்டாவது தடுப்பூசி. விசர்நாய்க்கடி பற்றிய கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டுக்குரியது. நாய்க்கு வருடா வருடம் ஊசி போட்டு, அதற்கான அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பது சொந்தக்காரரின் கடமை. ஊசி எங்கே, எப்போது போடுகிறார்கள் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளலாம். நாய்க்கு விசர் என்று சந்தேகம் வந்தால் மூடி மறைக்கக் கூடாது. உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும்.

மூன்றாவது, நாயால் வரும் சேதம். கடிக்கும் நாய் என்று தெரிந்தும் கட்டாமல் விட்டால் அது கவனயீனம். கடிபட்டவர் பொலிஸில் முறையிடலாம். நட்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்கும் போகலாம். கொழுந்தெடுக்கப் போகும் ஒரு பெண்ணைக் காலில் கடித்தால் காயம் மட்டுமா? ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளெல்லாம் அவளுக்குப் பேர் இல்லை. அந்த நட்டம் யாருடைய தலையில் விழ வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அப்போது “சோறு மட்டும்தான் போட்டோம்” என்று சொல்லித் தப்புவது இலேசல்ல. நாய் யாருடைய இஸ்தோப்பில் படுக்கிறது, யார் கூப்பிட்டால் ஓடிவருகிறது என்பது லயத்துக்கே தெரியும்.

நான்காவது, நாயை வதைக்கக் கூடாது. மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907 முதல் இருக்கிறது. சுடுதண்ணீர் ஊற்றுவதும், பட்டினி போட்டுக் கட்டி வைப்பதும் குற்றமாகும். வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டித் தேயிலைக்குள் விடுவதும் வதைதான். குட்டி வேண்டாம் என்றால் பெண் நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்பதே முறை.

இவற்றுக்கெல்லாம் காரணம் விசர் நோய்தான். அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக உயிர் தப்ப வழியில்லை. 1970களில் நமது நாட்டில் வருடத்துக்கு நூற்றுக்கணக்கானோர் இந்த நோயால் இறந்திருக்கிறார்கள். நாய்களுக்கு ஊசி போட்டதாலும், கடிபட்டவர்களுக்கு உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்ததாலும் அந்தத் தொகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் இன்னும் முற்றாக நிற்கவில்லை.

நாய் கடித்தாலோ, பிறாண்டினாலோ, காயத்தில் நக்கினாலோ உடனே செய்ய வேண்டியவை:

1. சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் நன்றாகக் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம்.

2. தாமதிக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே இந்த ஊசி இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டு முடியுங்கள்.

3. நாயை அடித்துக் கொல்ல வேண்டாம். கட்டி வைத்து 14 நாட்கள் கவனியுங்கள். நாய் செத்தாலும், காணாமல் போனாலும், அதன் குணம் மாறினாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

“யாருடைய நாய்? ஊசி போட்டதா?” என்றுதான் டாக்டர் கேட்பார். சொந்தக்காரரும் அட்டையும் இருந்தால் டாக்டருக்கு முடிவெடுப்பது சுலபம். சொந்தமில்லாத நாயென்றால் கடிபட்டவரும் வீட்டாரும் பயத்தோடுதான் நாட்களைக் கடத்த வேண்டும். ஏச்சுக்குப் பயந்து பிள்ளைகள் கடியை மறைப்பதும் உண்டு. “நாய் கடிச்சா உடனே சொல்லு, அடிக்க மாட்டோம்” என்று இன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

நாம் சொல்ல வருவது இதுதான். ஒவ்வொரு லயத்தாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுங்கள். எல்லோரும் சோறு போடும் நாய் என்றாலும், அதற்கு ஒரு வீட்டார் பொறுப்பு என்று பெயர் குறியுங்கள். பதிவுக்கு ஆகும் பணத்தை வேண்டுமானால் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆனால் அட்டை ஒரு வீட்டில் இருக்கட்டும். யாரும் பொறுப்பேற்க முன்வராத நாய் இருந்தால், அதை மறைக்காமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.