மைக்கா ஒட்டிய வாஷ்பேசின் அலமாரியைப் புதுப்பித்தல்

மைக்கா ஒட்டிய வாஷ்பேசின் அலமாரி என்பது குளியலறையில் வாஷ்பேசினுக்குக் கீழே அமைக்கப்படும், லேமினேட் தாள் ஒட்டிய பலகைப் பெட்டியாகும். உள்பலகை உறுதியாக இருந்தால், நிறம் மங்கிய அலமாரியைக் குறைந்த செலவில் புதுப்பிக்கலாம்.

பெயர்

தச்சர்கள் "மைக்கா" என்று சொல்லும் இத்தாளில் மைக்கா கனிமம் இல்லை. பிசினில் தோய்த்த காகித அடுக்குகளை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுக்கி இது செய்யப்படுகிறது. மின்காப்புக்குப் பயன்பட்ட மைக்காவுக்கு மாற்றாக 1912-இல் அமெரிக்காவில் டேனியல் ஓ'கானர், ஹெர்பர்ட் ஃபேபர் ஆகியோர் உருவாக்கியதால் இது 'ஃபார்மைக்கா' எனப்பட்டது.

பலகையைச் சோதித்தல்

தாளின் முகப்பில் நீர் இறங்காது. ஓரங்களிலும் குழாய்த் துளைகளிலும் இறங்கும். எனவே அடிப்பகுதியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். நீரில் ஊறி உப்பிய பார்ட்டிகிள் போர்டு பழைய நிலைக்குத் திரும்பாது. அதன்மேல் பெயின்ட் அடிப்பது வீண்செலவு. அப்பகுதிக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட்டைப் பொருத்தலாம்.

செய்முறை

1. முதலில் குழாய்க் கசிவை நிறுத்த வேண்டும்.
2. கீழ்பென்னாத்தூர் போன்று ஆழ்குழாய் நீர் புழங்கும் ஊர்களில் படியும் உப்புக்கறையை, நீர் கலந்த வினிகரால் துடைத்து, சோப்பு நீரால் கழுவி நன்கு உலர்த்த வேண்டும்.
3. பெயர்ந்த ஓரத்தில் இருபுறமும் ரப்பர் பசை தடவி, கையில் ஒட்டாத அளவு காய்ந்தபின் அழுத்த வேண்டும்.
4. முகக்கவசம் அணிந்து, 220 எண் உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும்.
5. லேமினேட்டில் பிடிக்கும் பிரைமர் ஒருமுறையும், எனாமல் பெயின்ட் இருமுறையும் பூச வேண்டும்.
6. கைப்பிடிகளை மாற்றி, வாஷ்பேசின் ஓரத்தையும் குழாய்த் துளைகளையும் சிலிக்கான் கொண்டு அடைக்க வேண்டும்.

கடைசி வேலையை விட்டுவிட்டால், நீர் மீண்டும் அதே வழியில் பலகைக்குள் இறங்கும்.