அம்மாயி வீட்டு பம்ப் ஸ்டவ்வும் மகனின் விமான இன்ஜினும்



நான் பத்தாவது வரை படித்த இல்லத்தரசி. வீட்டிலிருந்தபடியே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். கணவருக்கு மில்லில் ஷிப்டு வேலை. ஒன்பதாவது படிக்கும் என் மகன் பள்ளியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருக்கிறான். அதில் சின்ன விமானம் செய்து பறக்க விடவும் பழக்குகிறார்கள். இரண்டு மெல்லிய கம்பிகளைக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு பையன் நடுவில் நிற்க, விமானம் அவனைச் சுற்றி வட்டமடிக்கும். இன்ஜின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் போடுகிற சத்தம் தெருவையே கூட்டிவிடும்!

முகாம் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த இன்ஜின் மக்கர் பண்ண ஆரம்பித்தது. "கிளப்பினா அஞ்சாறு நொடி வீல்னு கத்துதும்மா, அப்புறம் நின்னு போயிருது" என்றான். ஒரு கடைக்காரரிடம் காட்டியதற்கு, "இன்ஜின் போச்சுங்க, புதுசு வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டார். அந்த விலை எங்கள் வீட்டு இரண்டு மாத மளிகைச் செலவு. "வேண்டாம்மா, நான் பேர் குடுக்கலை" என்று பையன் மூலையில் உட்கார்ந்து விட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை.

சின்ன வயதில் அம்மாயி வீட்டில் பம்ப் ஸ்டவ் இருந்தது. அது எரியாமல் அடம் பிடித்தால் அம்மாயி, "ஒண்ணு எண்ணெய் வரலை, இல்லைனா காத்து சரியில்லை. வேற ஒண்ணும் இல்லை கண்ணு" என்பார். அதே கணக்கு இதற்கும் சரியாக வரும் என்று தோன்றியது. முதலில் இந்த இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று பையனையே சொல்லச் சொன்னேன்.

இதற்குப் பெட்ரோல் கிடையாது. மெத்தனால் என்ற ஸ்பிரிட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விளக்கெண்ணெய், கொஞ்சம் நைட்ரோ மீத்தேன் கலந்த எரிபொருள். பழைய மொபெட்டில் பெட்ரோலோடு ஆயில் கலப்போமே, அதுபோலத்தான். மேலே 'குளோ பிளக்' என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் சுருள் சுருளாகப் பிளாட்டினம் கம்பி. ஒன்றரை வோல்ட் பேட்டரி கொடுத்தால் அது சிவக்கும், இன்ஜின் கிளம்பும். ஓட ஆரம்பித்ததும் பேட்டரியை எடுத்து விடலாம். உள்ளே எரிகிற சூடும், மெத்தனால் அந்தப் பிளாட்டினத்தின் மேல் படுவதால் உண்டாகும் சூடும் சேர்ந்து கம்பியைச் சிவக்கவே வைத்திருக்கும். பக்கத்தில் திருகுகிற ஊசி ஒன்று உண்டு. அதுதான் எரிபொருள் எவ்வளவு போக வேண்டும் என்று தீர்மானிப்பது.

இனி நாங்கள் பார்த்த வரிசையைச் சொல்கிறேன். தையல் மிஷினில் நூல் அறுந்தால் நான் எல்லாத் திருகையும் ஒரே நேரத்தில் தொட மாட்டேன். ஒன்றை மாற்றி, தைத்துப் பார்த்து, பிறகுதான் அடுத்தது. இங்கும் அப்படியே செய்தோம்.

முதலில் எரிபொருள். மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கொள்ளும். மூடி இறுகாத பழைய பாட்டிலை நம்பக் கூடாது. புது பாட்டில் ஊற்றினோம். அப்படியும் நின்றது.

அடுத்து பிளக். பேட்டரியை எடுத்தவுடன் நின்றால் பிளக்கைச் சந்தேகப்படலாம். எங்களுடையது பேட்டரி இருக்கும்போதே நின்றது. இருந்தாலும் கழற்றிப் பார்த்தோம். கம்பி நன்றாகவே சிவந்தது. ஆகவே பிளக் மேல் குற்றமில்லை.

மூன்றாவதாக, நிற்கும் விதத்தைக் கவனித்தோம். புகையும் எண்ணெயுமாகக் கக்கி, குளுகுளுவென்று திணறி நின்றால் எரிபொருள் அதிகம். ஊசியைக் கொஞ்சம் மூட வேண்டும். வீல் என்று கத்திவிட்டு நின்றால் எரிபொருள் போதவில்லை. எங்களுடையது இரண்டாவது ரகம். ஊசியைத் திறந்து பார்த்தும் குணமில்லை.

அப்படியென்றால் வழியில் ஏதோ அடைப்பு! பம்ப் ஸ்டவ்வில் நிப்பிள் அடைத்தால் பின் போட்டுக் குத்துவோமே, அதே கதை. ஆனால் இதில் கம்பி விட்டுக் குத்தக் கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும். ஊசியை முழுதாகக் கழற்றி, ஊசி போடும் சிரிஞ்சில் அதே எரிபொருளை எடுத்துப் பீய்ச்சினோம். தலைமுடி போல ஒரு நார் வெளியே வந்தது. மறுபடி கிளப்பினால் இருபது நொடி ஓடியது. பிறகு அதே பாட்டு.

அப்போதுதான் டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் டியூபில் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழிகள் ஓடுவதைப் பார்த்தேன். டியூபைக் கழற்றி ஒரு முனையை அடைத்து, தண்ணீருக்குள் முக்கி, மறுமுனையில் காலி சிரிஞ்சால் காற்றடித்தோம். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பார்களே, அதே மாதிரிதான். மரப்பலகையில் உரசிய இடத்திலிருந்து சரம் சரமாகக் குமிழி! கண்ணுக்கே தெரியாத ஓட்டை. இன்ஜின் எரிபொருளோடு காற்றையும் உறிஞ்சினால் எப்படி ஓடும்?

ஒரு சாண் புது டியூப் போட்டோம். இன்ஜினின் பின்மூடித் திருகுகளை இறுக்கினோம். டேங்க்கின் நடுப்பகுதி ஊசியின் உயரத்துக்குச் சமமாக இருக்கிறதா என்றும் பார்த்துக் கொண்டோம். அதன் பின் ஊற்றியது தீரும் வரை நிற்காமல் ஓடியது. உச்ச வேகம் வரும் வரை ஊசியை மூடிவிட்டு, பிறகு துளி பின்னால் திறந்து வைக்க வேண்டுமாம். பறக்கும்போது காற்றாடிக்குப் பளு குறைந்து வேகம் கூடும். தரையிலேயே இழுத்துப் பிடித்து வைத்தால் மேலே போய் நின்றுவிடும்.

தேர்வில் என் பையன் அழகாகப் பறக்க விட்டு, சேதாரமில்லாமல் இறக்கினான். முகாமுக்குத் தேர்வானது வேறொரு பிள்ளை. அதில் எங்களுக்கு வருத்தமில்லை. இப்போது அவன் கூட்டாளிகளின் இன்ஜின் நின்று போனாலும் அவனைத்தான் தேடி வருகிறார்கள்.

இப்படிப் பிள்ளைகள் உள்ள வீட்டுத் தாய்மார்களுக்குச் சில விஷயங்கள். ஓடும் காற்றாடி விரலை வெட்டிவிடும். கையால் சுழற்றாமல் குச்சியால் தட்டிக் கிளப்பச் சொல்லுங்கள். இன்ஜினை அசையாமல் முடுக்கி, ஊசியைக் காற்றாடிக்குப் பின்னால் நின்றுதான் திருக வேண்டும். எதிரிலோ பக்கவாட்டிலோ யாரையும் நிற்க விடாதீர்கள். ஓட்டி முடித்ததும் மிச்சத்தை வடித்து, இரண்டு சொட்டு மிஷின் ஆயில் விட்டு வைத்தால் விளக்கெண்ணெய் பிசின் பிடிக்காது.

எல்லாவற்றையும் விட முக்கியம் அந்த பாட்டில். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த சாராயத்தில் கலந்திருந்தது இதே மெத்தனால்தான். கொஞ்சம் உள்ளே போனாலும் கண் பார்வை போகும், உயிரும் போகும். பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் தீயே கண்ணுக்குத் தெரியாது. எனவே அடுப்படியில் வைக்காதீர்கள். குடிதண்ணீர் பாட்டில், ஜூஸ் பாட்டிலில் ஊற்றவே ஊற்றாதீர்கள். 'விஷம்' என்று எழுதி ஒட்டிப் பூட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெட்டியின் சாவி என் தாலிச்சரட்டு ஊக்கில்தான் தொங்குகிறது.

– ஒரு வாசகி, கோவை.