விசையை இழுத்தும் தோட்டா வெடிக்கவில்லையே, ஏன்?

பெங்களூருவில் ஒரு துப்பாக்கி சுடும் களம். வீராங்கனை விசையை இழுக்கிறார். ‘டிக்’ என்ற சத்தம் மட்டுமே கேட்கிறது. ஏன்?

தீக்குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். மருந்துள்ள முனையை அழுத்தி உரசினால்தான் பற்றும். 25 மீட்டர் பிஸ்டல் போட்டிக்கான .22 தோட்டாவின் அடிவிளிம்புக்குள்ளும் அப்படியொரு மருந்து உண்டு. துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கினால் பொறி பிறக்கும். உள்ளேயுள்ள வெடிமருந்து எரியும். அதில் உருவாகும் வாயு குண்டைத் தள்ளும்.

ஊசி தேய்ந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ அடி பலமாக விழாது. அடிபட்ட இடத்தில் மருந்தே இல்லாவிட்டாலும் பொறி பிறக்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது? விளிம்பில் விழுந்த பள்ளத்தைப் பாருங்கள். ஆழமில்லையா? பெரும்பாலும் கோளாறு துப்பாக்கியில். ஆழமாக இருக்கிறதா? தோட்டாவைச் சந்தேகிக்கலாம்.

உடனே துப்பாக்கியைத் திறக்கலாமா? கூடாது! மருந்து சில வேளை தாமதமாகப் பற்றும். குழல் இலக்கையே பார்த்திருக்க, குறைந்தது 30 விநாடி பொறுக்க வேண்டும்.