உடற்கொழுப்பை அளத்தல்

'கொழுப்பு' என்னும் சொல்லுக்குச் செருக்கு என்றும் ஒரு பொருள் நம் பேச்சு வழக்கில் உண்டு. அக்கொழுப்பை அளக்க ஊரார் வாயே போதும். உடலில் உறையும் கொழுப்பை அளப்பதோ அத்துணை எளிதன்று. உயிருள்ள உடலைப் பிரித்துப் பார்த்தல் இயலாமையின், அறிஞர் கண்ட வழிகள் யாவும் ஒன்றை அளந்து மற்றொன்றை உய்த்துணர்வனவே.

கிலோகிராமில் எடையை, மீட்டரில் கொண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது பலரும் அறிந்த முறை. பெல்ஜிய நாட்டுக் கெட்டலே 1832இல் எடுத்துரைத்த இவ்விகிதத்தை 'உடல் நிறை எண்' என 1972இல் ஏன்சல் கீஸ் குறித்தார். செலவில்லாத முறைதான்; ஆயினும் தசை எது, கொழுப்பு எது என்பதை அது அறியாது.

அக்குறையை வெளிப்படுத்தியவர் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே. எடை அட்டவணையின்படி பருமனானோர் எனத் தள்ளத்தக்க அமெரிக்கக் கால்பந்து வீரர்களை அவர் நீரில் அமிழ்த்தி நிறுத்தார். பெரும்பாலோரிடம் மிகுந்திருந்தது தசையே என்று 1942இல் வெளியிட்டார். ஆர்க்கிமிடீசின் விதியே இதன் அடிப்படை. கொழுப்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிராம், ஏனைய உடற்கூறுகளுடையது 1.1. மொத்த அடர்த்தி தெரிந்தால் கொழுப்பின் பங்கைக் கணிக்கலாம். ஆனால் மூச்சை முற்றும் வெளிவிட்டு நீருள் அசையாதிருத்தல் எல்லார்க்கும் கூடுமோ?

தோல்மடிப்பைக் காலிப்பரால் கவ்வி அளப்பது எளிது. அளப்பவர் கை மாறின் எண்ணும் மாறும். மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தும் கருவி உண்மையில் அளப்பது உடல்நீர் தரும் மின்தடையை. நோன்பு நாளின் பிற்பகலில் அதன்மேல் ஏறி நிற்பவர்க்கு, நீர் குறைந்தமையால், இல்லாத கொழுப்பையும் அது காட்டக்கூடும்!

ஈராற்றல் எக்ஸ் கதிர்முறை எலும்பு, கொழுப்பு, ஏனைய திசு ஆகியவற்றை வேறுபடுத்தித் தருவது. புணே மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் இம்முறையில் தம்மையே அளந்துகொண்டு, 2004இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். இருவர்க்கும் உடல் நிறை எண் 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2!

மெலிந்தவரைச் சர்க்கரை நோய் அண்டாது என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதன் பிழை இங்கே புலனாகும். உலக நல நிறுவனத்தின் வல்லுநர் குழுவும் அதே ஆண்டில், ஆசியரைப் பொறுத்தவரை 23 என்னும் எண்ணிலேயே விழிப்புக் கொள்ளவேண்டும் என்றது. கதிர்க்கருவி எட்டாதோர்க்குத் தையல் நாடா உண்டு. தென்னாசியருள் ஆடவர்க்கு 90, மகளிர்க்கு 80 சென்டிமீட்டர் என இடுப்புச் சுற்றளவின் எல்லையைப் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2005இல் வகுத்துள்ளது.